கூடும்

இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரி.
வெளியே தஞ்சாவூரில் நாற்பதைத் தாண்டிய மே.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் உறுமும்வரை
பதினெட்டு நொடி
மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்,
என்னமோ என் மூச்சில்தான் அவை பிழைப்பதுபோல.

அவை
சிறுநீரகத்தின் பாதச் செல்கள்.
வடிகட்டியின் மேல் விரலோடு விரல் கோத்து
நிற்பதைத் தவிர வேறு வேலை தெரியாதவை.
எந்த ஊரில் யார் உடம்பிலிருந்து எடுத்தார்களோ,
பெயரில்லை. குப்பியில் ஒரு எண்.
வல்லம் ரோட்டு வெயிலை அறியாமல்
ரோஜா நிற நீரில்
ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மூன்று குப்பிகள்.
முதலாவதில் ஒன்றும் செய்யவில்லை.
இரண்டாவதில் காறிப்போன கொழுப்பு,
ரத்தத்தில் ஊறிக் கெட்டதன் நகல்.
மூன்றாவதில் முதல்நாளே
கொலஸ்ட்ரால் மாத்திரையின் மருந்தைக் கரைத்துவிட்டு
மறுநாள் அதே கொழுப்பு.

காலையில் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன்.
இரண்டாவதில் பாதி மிதந்தது.
நட்ட மூன்றாம் நாள் பெருமழை பிடித்தால்
வேர் பிடிக்காத நாற்று வரப்போரம் ஒதுங்குமே,
அப்படி.
வயலென்றால் போக்கு நடவு உண்டு.
இவற்றுக்குக் கிடையாது, போனது போனதுதான்.
அந்த இடைவெளியில் புரதம் ஒழுகும்.
கழிப்பறையில் நுரை அடங்காமல் நிற்கும்.

மூன்றாவதில்
இன்னும் நின்றுகொண்டிருந்தன.
எல்லாம் இல்லை. நிறைய.
எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன்.

அண்ணன் பக்கிரிசாமி மூணாறு தலைப்பில் லஸ்கர்.
வெண்ணாறு மூன்றாய்ப் பிரியும் இடத்தில்
ஷட்டர் சக்கரம் சுற்றுகிற கை.
பதினோரு வருஷச் சர்க்கரை.
ஜனவரியில் நுரை கண்டது.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை என்று எழுதினார் டாக்டர்.
ஏப்ரலில் நிறுத்திவிட்டான், யாரிடமும் சொல்லாமல்.
"தொடையெல்லாம் கடுக்குது தங்கச்சி,
சக்கரத்தை அழுத்திப் பிடிச்சு நிக்க முடியல."

நேற்று பஸ் பிடித்து
நீடாமங்கலத்தில் இறங்கி
போனில் படங்களைக் காட்டினேன்.
கிரீஸ் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.
"இதுல என்னுது எது?"
எதுவுமில்லை.
"எலிக்காச்சும் குடுத்தீங்களா?"
நாங்கள் இன்னும் இல்லை.
"மனுஷனுக்கு?"
பார்த்திருக்கிறார்கள்.
சில ஆய்வில் தெரிந்தது, சிலதில் தெரியவில்லை.
குப்பியில் நான் ஊற்றிய அளவு
உன் ரத்தத்தில் ஒருநாளும் சேராது,
அதையும் சொன்னேன்.
சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அப்ப, காக்குமா காக்காதா?"

காக்கக்கூடும்.

மதகே அதிரச் சிரித்தான்.
"கடைமடைக்காரன் போன் பண்ணித்
தண்ணி எப்ப வரும்பான்.
நாங்களும் இப்படித்தான் பேசுவோம்.
வரலாம்ம்போம்.
அவன் அதை நம்பி நாத்து விட்டுருவான் பாவம்."

கூடும்.
ஆறுகள் சேர்வதற்கும் இதே சொல்.
இந்தப் பக்கம் எந்த ஆறும் கூடக் காணோம்.
பிரிந்து பிரிந்து மெலிந்து
கோரையாறு, பாமணியாறு என்று பேர் மாற்றி
வாய்க்காலாகி
சில வருஷம் கடலைக் காணாமலே தீர்ந்துபோகின்றன.
ஆய்வேட்டில் என்னிடம் இருப்பது இந்த ஒரு சொல்.
கைடு அதையும்
பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

டாக்டரிடம் கடுப்பைச் சொல்லு,
அளவைக் குறைப்பார், வேறு மாத்திரை மாற்றுவார்.
நீயாக நிறுத்தாதே.
நான் கூட வருகிறேன்.
"தண்ணி தொறக்கட்டும், பாப்போம்."
பல்சக்கரத்தின் பல்லொவ்வொன்றுக்கும்
கிரீஸ் தடவிக்கொண்டே சொன்னான்.
கீழே ஆறு வெறும் மணலாய்க் கிடந்தது.
மூன்று பக்கமும் மணல்.

கடைசி பஸ்ஸுக்கு வண்டியில் கொண்டுவந்து விட்டான்.
படியில் ஏறித் திரும்பியபோது பார்த்தேன்:
சட்டைப் பையில் பீடிக்கட்டோடு
அந்த மாத்திரை அட்டையின் வெள்ளி ஓரம்.
காலி அட்டையா,
உள்ளே மிச்சம் இருக்கிறதா
என்று கேட்பதற்குள்
கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.